வாலை வெட்டலாமா? பைக் பின்விளக்கு, நம்பர் பிளேட் – வாசகர் கேள்வி-பதில்

பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய வண்டிக் கேள்விகளில், இந்த முறை பின்பக்கம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 650 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டி. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நம்பர் பிளேட் தாங்கியை எடுத்துவிட்டு டெய்ல் டைடி (பிளேட்டைச் சீட்டுக்கு நெருக்கமாக ஒடுக்கிப் பிடிக்கும் குட்டைத் தாங்கி) மாட்ட ஆசை. ஜே.சி. ரோட்டில் விசாரித்தால், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கிட்டுகளில் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலை. எதைப் பார்த்து வாங்குவது?
– அல்சூர் வாசகர்

பதில்: பெயின்டைப் பார்க்காதீர்கள். தகடு மடிந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். டெய்ல் டைடி உடைவதென்றால் இரண்டே இடத்தில்தான் உடையும்: மடிப்பில், அல்லது போல்ட் துளையின் ஓரத்தில். மடிப்பின் உள்வளைவு கத்தி விளிம்புபோல் கூர்மையாக இருந்தால் அந்தத் தகட்டுக்கு ஆயுள் குறைவு. வளைவின் ஆரம் தகட்டின் கனத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். 3 மி.மீ. அலுமினியம் என்றால் 3 மி.மீ. வளைவு. அலுமினியத்திலும் 5052 ரகம் மடிப்பைத் தாங்கும். "உசந்த சரக்கு" என்று கடைக்காரர் நீட்டும் 6061-டி6 கடினமானது. கூர்மையாக மடித்தால் வெளிப்பக்கம் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பைப் பெயின்ட் மறைத்துவிடும். இரும்பு என்றால் 2 மி.மீ. போதும். எடை கொஞ்சம் கூடும், ஆனால் உடைந்தால் எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைக்கலாம். பெங்களூரு ரோட்டுக்கு அதுவும் ஒரு யோசனைதான்.

அடுத்து நீளம். தாங்கி எவ்வளவு நீளமோ, அதன் நுனியில் தொங்கும் எடை எவ்வளவோ, அவ்வளவுக்கு அது அதிரும். கனமான உலோக இண்டிகேட்டர்களை நுனியில் மாட்டிவிட்டு, மூணு மாசத்தில் தகடு உடைந்தது என்று கிட்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இண்டிகேட்டரைத் தாங்கியின் அடிப்பக்கம், சட்டத்துக்கு நெருக்கமாக மாட்டும்படி துளை உள்ள கிட்டைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை. சீட்டைக் கழற்றுங்கள், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், பழைய தாங்கியின் கப்ளர்களை (வயர் இணைப்புகளை) பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்துவையுங்கள். புதிய தகட்டை முதலில் நான்கு போல்ட்டையும் லூசாகப் போட்டு நிறுத்தி, நேர் பார்த்து, பிறகு குறுக்காக முறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், எம்5-க்கு 5 போதும். நட்டு என்றால் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு, தாங்கிக்குள் நேரே ஏறும் போல்ட் என்றால் போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற திரெட்லாக்கர் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு லென்ஸ் மேலோ பிளாஸ்டிக் பாகத்தின் மேலோ படக் கூடாது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டையும் அது விரிசல் விடவைக்கும். பட்ட அன்று ஒன்றும் தெரியாது, வாரம் கழித்து வெடித்திருக்கும். லென்ஸைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தாலும் இதே கதிதான்.

கடைசியாக, யாரும் செய்யாத ஒரு சோதனை. தாங்கியை மேலே ஏற்றிவிட்டால் டயருக்கும் தகட்டுக்கும் இடையிலான இடம் குறைகிறது. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது நிறைய இடைவெளி தெரியும், அதை நம்பாதீர்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை 2 செ.மீ. கனத்துக்கு, டயருக்கு நேர் மேலே தகட்டின் அடியில் ஒட்டுங்கள். பின்சீட்டில் நல்ல கனமான ஆள் ஒருவரை உட்காரவைத்து, இரண்டு ஸ்பீட் பிரேக்கர் மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். களிமண்ணில் டயர் தடம் பதிந்திருந்தால் இடைவெளி போதாது. ஸ்பேசர் வைத்து உயர்த்துங்கள், இல்லையென்றால் ஷாக் அப்சர்பரின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை) கூட்டுங்கள். வயர்கள் தகட்டின் மேல்பக்கமாகத்தான் போக வேண்டும். அடியில் விட்டால் டயர் அவற்றைத் தேய்த்து அறுத்துவிடும்.

100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை எல்லா போல்ட்டையும் சரிபாருங்கள்.

கேள்வி: எச்.எஸ்.ஆர்.பி. எனும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கழற்றாமல் எப்படிப் புதிய தாங்கிக்கு மாற்றுவது? பக்கத்து மெக்கானிக், "டிரில் போட்டு எடுத்துரலாம் சார்" என்கிறார்.
– பானஸ்வாடி வாசகர்

பதில்: அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பின்பக்க பிளேட்டைப் பிடித்திருப்பது சாதாரண ஸ்க்ரூ இல்லை, ஸ்னாப் லாக். ஒருமுறை அழுத்திப் பூட்டினால் பிறகு உடைத்துத்தான் எடுக்க முடியும். பிளேட்டைத் திருடி வேறு வண்டியில் மாட்டக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உடைத்துவிட்டுச் சாதாரண போல்ட் போட்டால், பார்க்கிற போலீஸ்காரருக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

வழி இருக்கிறது. பிளேட்டை விட்டுவிடுங்கள், பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையோடு சேர்த்து நகர்த்துங்கள். நிறைய வண்டிகளில் ஸ்னாப் லாக் ஒரு தட்டையான பிளாஸ்டிக் அல்லது தகரப் பலகையில்தான் குத்தியிருக்கும். அந்தப் பலகையைப் பின்னாலிருந்து இரண்டோ நான்கோ எம்6 போல்ட் தாங்கியோடு பிடித்திருக்கும். அந்த போல்ட்டுகளைக் கழற்றிப் பலகையை அப்படியே புதிய தாங்கிக்கு மாற்றலாம். துளைகளின் இடைவெளி பொருந்தாவிட்டால், புதிய தாங்கியில் துளை போடுங்கள். பிளேட்டில் ஒருபோதும் போடாதீர்கள்.

பலகையும் மட்கார்டும் ஒரே வார்ப்பாக இருக்கும் வண்டி என்றால் சிரமம்தான். பிளேட்டைச் சுற்றி விரற்கடை அளவு விட்டு ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பழைய மட்கார்டு திரும்ப உதவாது. மாற்று பிளேட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட வழியில் விண்ணப்பித்து, அது கைக்கு வரும் நாளில் புதிய தாங்கியிலேயே பிளேட் கொடுப்பவர்களைக் கொண்டே பூட்டச் சொல்வது நல்லது. செலவு இருந்தாலும் தலைவலி இல்லை.

பிளேட்டின் ஓரத்தை வெட்டிச் சின்னதாக்குவது, வளைப்பது எதுவும் கூடாது. இரு சக்கர வண்டியின் பின் பிளேட் 200 × 100 மி.மீ. எழுத்து 35 மி.மீ. உயரம், எண் 40 மி.மீ. உயரம், கோட்டின் கனம் 7 மி.மீ., இடைவெளி 5 மி.மீ. என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 51-ஆம் விதி சொல்கிறது. இடது கீழ் மூலையில் லேசரால் பொறித்த எண் இருக்கிறது. ஓரம் வெட்டுபவர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான். 2019 ஏப்ரல் 1-க்கு முன் பதிவான பழைய வண்டி வைத்திருந்து இன்னும் எச்.எஸ்.ஆர்.பி. போடாதவர்கள், முதலில் தாங்கியை மாற்றிவிட்டுப் பிறகு பிளேட்டைப் பூட்டினால் இந்த வம்பு எதுவுமே இல்லை.

சாய்வைப் பற்றியும் இதே கையோடு சொல்லிவிடுகிறோம். பிளேட்டை வானம் பார்க்கவைப்பது இப்போது ஒரு ஸ்டைல். நேர்க்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் பின்னால் வரும் காரின் வெளிச்சம் பிளேட்டில் பட்டு மேலே போய்விடும், எண் இருட்டாகத் தெரியும்.

கேள்வி: பழைய பல்பு இண்டிகேட்டர்களை எடுத்துவிட்டு நான்கு எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டேன். முதலில் வேகமாகத் துடித்தது. இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் ரிலேயை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் ரிலே மாற்றினேன், வேகம் சரியானது. ஆனால் இப்போது இடது போட்டால் நான்கும் எரிகிறது, வலது போட்டாலும் நான்கும் எரிகிறது. மூன்று பேரிடம் காட்டியாகிவிட்டது.
– விவேக் நகர் வாசகர்

பதில்: இது ஷார்ட் இல்லை, வயரிங்கும் கருகவில்லை. உங்கள் மீட்டரில் இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு பச்சை விளக்குதானே? குற்றவாளி அதுதான்.

அந்தச் சின்ன பல்புக்கு இரண்டு வயர். ஒன்று இடது இண்டிகேட்டர் லைனில், மற்றது வலது லைனில். இடது போட்டால் மின்சாரம் அந்த பல்பு வழியாக வலது லைனுக்குப் போய், வலது இண்டிகேட்டர்களின் இழை வழியாக எர்த்தைப் பிடிக்கும். 10 வாட் இழை பல்பு இருக்கும்வரை, அந்தத் துளி மின்சாரம் அதை எரியவைக்கப் போதாது; மீட்டர் பல்பு மட்டும் எரியும். எல்.இ.டி.க்கு அந்தத் துளியே தாராளம். அதனால் எதிர்ப்பக்கமும் எரிகிறது.

தீர்வு ஐந்து ரூபாய்க்குள் அடங்கும். எஸ்.பி. ரோட்டில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் 1என்4007 என்று கேட்டால் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன பாகம்) கொடுப்பார்கள், இரண்டு வாங்குங்கள். மீட்டர் பல்புக்கு வரும் இரண்டு வயரையும் வெட்டுங்கள். வண்டிப் பக்கமிருந்து வரும் இடது வயரில் ஒரு டயோடு, வலது வயரில் ஒரு டயோடு. டயோடில் வெள்ளிக் கோடு இருக்கும் முனை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பல்பின் ஒரு காலில் கொடுங்கள். பல்பின் இன்னொரு காலிலிருந்து புதிதாக ஒரு வயர் இழுத்து எர்த் செய்யுங்கள். இனி மின்சாரம் இரு பக்கமிருந்தும் பல்புக்குள் வரலாம்; பல்பிலிருந்து எந்தப் பக்கமும் திரும்பிப் போக முடியாது. கோடு திரும்பியிருந்தால் மீட்டர் விளக்கு எரியாது, அவ்வளவுதான், எதுவும் புகையாது. டயோடு மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட மறக்காதீர்கள்.

மீட்டரில் இடம், வலம் என்று இரண்டு தனி அம்புக்குறிகள் உள்ள வண்டிக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அங்கே நான்கும் எரிந்தால் எர்த்தைத்தான் தேட வேண்டும்.

முதலில் வேகமாகத் துடித்ததற்கான காரணமும் பலர் கேட்டது. பழைய ஃபிளாஷர் ரிலே, தன் வழியாக ஓடும் மின்சாரத்தின் அளவை நம்பித் துடிப்பது. ஒரு பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்பு என்றால் சுமார் 1.7 ஆம்பியர். எல்.இ.டி. ஜோடி இழுப்பதோ 0.2 ஆம்பியர். பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று எண்ணிச் சில ரிலே வேகமாகத் துடிக்கும். சில துடிக்காமல் அப்படியே எரிந்து நிற்கும். மின்சார அளவைப் பார்க்காத எலெக்ட்ரானிக் ரிலே போட்டால் தீர்ந்தது. அதில் பி, எல், ஈ என்று மூன்று கால் இருக்கும்: பி பேட்டரி வரவு, எல் சுவிட்சுக்குப் போவது, ஈ எர்த். பழையது இரண்டு கால் ரிலே என்றால் எர்த் வயரை நீங்கள்தான் புதிதாக இழுக்க வேண்டும். பழையதை மாற்றும்போது பி-யும் எல்-லும் இடம் மாறிவிட்டால் துடிக்காது.

தனி ரிலே இல்லாமல் கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ளேயே துடிப்பு அமைந்திருக்கும் புது வண்டிகளில் பழைய பல்பைப் போல மின்சாரம் இழுக்கும் லோட் ரெசிஸ்டர்தான் வழி. 10 வாட் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. போட்டால் 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். அதை இண்டிகேட்டர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் இணையாகக் கொடுக்க வேண்டும். வயரின் பாதையில் வரிசையாகக் கொடுத்தால் இண்டிகேட்டர் மங்கும், பிரச்சினையும் தீராது. அது துடிக்கும்போது கை வைக்க முடியாத அளவு சுடும். வயர் கட்டோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டால் பக்கத்து வயரின் தோல் உருகும். இரும்புச் சட்டத்தில் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள்.

துடிப்பு நிமிடத்துக்கு 60-லிருந்து 120-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கால் நிமிடம் எண்ணிப் பாருங்கள்: 15-லிருந்து 30-க்குள் இருந்தால் சரி.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் டெய்ல் லைட் அணைந்து அணைந்து எரிகிறது. சில சமயம் இண்டிகேட்டர் போட்டால் டெய்ல் லைட்டும் கூடவே மினுங்குகிறது. புது விளக்கு, புது வயர்.
– மர்ஃபி டவுன் வாசகர்

பதில்: கூடவே மினுங்கினால் எர்த் சரியில்லை என்று பொருள். தன் எர்த் கிடைக்காத விளக்கு, பக்கத்து விளக்கு வழியாக எர்த்தைத் தேடுகிறது. பவுடர் கோட்டிங் செய்த டெய்ல் டைடியில் இது சகஜம். வெளிச்சந்தையில் கிடைக்கும் சில இண்டிகேட்டர்களுக்கு ஒரே வயர்தான். எர்த் தண்டின் போல்ட் வழியாக வர வேண்டும். பவுடர் கோட்டிங் அதை மறித்துவிடும். தகட்டைச் சுரண்டுவதைவிட, போல்ட்டில் ஒரு ரிங் டெர்மினல் வைத்துத் தனி எர்த் வயர் இழுப்பது நல்லது. சுரண்டிய இடம் மழையில் துருப்பிடித்து மறுபடி ஆரம்பிக்கும். மல்டிமீட்டர் இருந்தால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, விளக்கின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம்.

அணைந்து எரிவது ஜாயின்ட் கோளாறு. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் பின்பக்கத்துக்கு ஆகாது. வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கும், மழையில் தண்ணீர் உள்ளே ஊறும், செம்பு பச்சை பூக்கும். "அதனால சால்டர் வெச்சுட்டேன்" என்று எழுதுபவர்களும் உண்டு. ஈயம் வயரின் இழைகளுக்குள் கொஞ்ச தூரம் ஏறி அதைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில், அதிர்வில், இழை ஒவ்வொன்றாக அறும். வெளியே தோல் முழுசாக இருக்கும், உள்ளே வயர் அறுந்திருக்கும். பள்ளத்தில் மட்டும் அணையும் விளக்குகளில் இந்த ரகம் நிறைய. சரியான பிளையரால் கிரிம்ப் செய்த (நசுக்கிப் பிடிக்கவைத்த) புல்லட் கனெக்டர் அல்லது ரப்பர் சீல் உள்ள கப்ளர் போடுங்கள். கிரிம்ப் செய்ததும் கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்; வந்துவிட்டால் அங்கேயே வரட்டும். மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். எல்.இ.டி.க்கு 0.5 சதுர மி.மீ. வயர் போதும், பொது எர்த்துக்கு 0.75.

கம்பெனி வயரிங்கை வெட்டாதீர்கள். அதே வகைக் கப்ளர் வாங்கி அடாப்டர் மாதிரி ஒரு துண்டு வயரிங் செய்துகொண்டால், வாரன்டிக்காக ஷோரூம் போகும்போது ஐந்து நிமிடத்தில் பழையதை மாட்டிவிடலாம்.

கேள்வி: அப்பாவின் பழைய 100 சி.சி. வண்டியில் எல்.இ.டி. டெய்ல் லைட் போட்டேன். வண்டி ஐடிலில் நின்றால் மினுங்கியது, கொஞ்ச நாளில் செத்தது. இரண்டாவதும் செத்தது.
– ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டும் டெய்ல் லைட்டும் என்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து நேரே வரும் ஏ.சி.யில் எரிபவை. பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் மட்டும்தான் பேட்டரி டி.சி. என்ஜின் அணைத்தால் டெய்ல் லைட்டும் அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் இதுதான் விஷயம். எல்.இ.டி. ஏ.சி.யில் மினுங்கும், எதிர்த்திசை மின்சாரத்தில் சாகும். மூன்றாவது விளக்கு வாங்குவதற்கு முன் டெய்ல் லைட் வயரை அந்த லைனிலிருந்து பிரித்து, இக்னிஷன் சுவிட்ச் வழியாக வரும் பேட்டரி லைனில் கொடுங்கள். எல்.இ.டி. இழுப்பது 0.1, 0.2 ஆம்பியர்தான், பேட்டரிக்குத் தெரியவே தெரியாது.

கொடுக்கும்போது டெய்ல், பிரேக் வயர்களை மாற்றிவிடாதீர்கள். பழைய இரட்டை இழை பல்பில் 5 வாட் டெய்லுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. பல்பின் இரு முட்களும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் மாற்றிப் போடவே முடியாது. எல்.இ.டி. விளக்கின் மூன்று வயருக்கு அந்தக் காவல் கிடையாது, வயர் நிறத்தையும் நம்ப முடியாது. மாறிவிட்டால் விளக்கு எப்போதும் பிரேக் போட்டதுபோல் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும். நிஜமாகப் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருபவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. கை பிரேக், கால் பிரேக் இரண்டையும் தனித்தனியே பிடித்துச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

கேள்வி: இண்டிகேட்டர் உள்ளேயே அடங்கிய ஸ்மோக் (கறுப்புச் சாயல் லென்ஸ்) டெய்ல் லைட், பிரேக் பிடித்தால் படபடவென்று அடிக்கும் ஃபிளாஷர், டெய்லில் நீல எல்.இ.டி. பட்டை – இவற்றில் எது தப்பு, எது சரி?
– எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்

பதில்: நீலம் தப்பு. பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிற விளக்கு கூடாது என்கிறது 108-ஆம் விதி. இண்டிகேட்டரின் ஆம்பர், நம்பர் பிளேட்டின் வெள்ளை ஆகியவற்றுக்குத்தான் விலக்கு.

ஸ்மோக் லென்ஸ் இரவில் ஓரளவு சமாளிக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு, சில்க் போர்டு நெரிசலில், பின்னால் இருக்கும் டெம்போ டிரைவருக்கு உங்கள் பிரேக் லைட் தெரியுமா என்பதுதான் கேள்வி. வெயிலில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை யாரையாவது பிடிக்கச் சொல்லி, 30 அடி தள்ளி நின்று பாருங்கள். உங்களுக்கே சந்தேகம் வந்தால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரே அடித்துக் கறுப்பாக்குவது இன்னும் மோசம்: லென்ஸோடு சேர்த்து உள்ளிருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மூடிப்போகிறது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று கட்டாயம். வண்டி இருட்டில் பழுதாகி நிற்கும்போது பேட்டரி இல்லாமல் வேலை செய்வது அது ஒன்றுதான்.

உள்ளடங்கிய இண்டிகேட்டர் பற்றி எங்கள் கருத்து: வேண்டாம். இடதும் வலதும் நான்கு விரல் இடைவெளியில் இருந்தால், எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது தூரத்திலிருந்து பிரித்துத் தெரியாது. பிரேக்கும் சேர்ந்து எரிந்தால் ஆம்பர் சிவப்பில் கரைந்துவிடும். அதைத்தான் போடுவேன் என்றால், தனி இண்டிகேட்டர்களையும் விட்டுவையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். பிரேக் ஃபிளாஷரும் வேண்டாம். அது இண்டிகேட்டர்போல் தெரிந்து குழப்பும். பிரேக் விளக்கு எரிந்தால் நிலையாக எரிய வேண்டும்.

லென்ஸ் வாங்கும்போது, வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் அச்சில் வார்த்திருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை அது. ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: மகன் வண்டியின் பின் மட்கார்டையும் சேலை கார்டையும் கழற்றிவிட்டான். "லுக் கெடுதும்மா" என்கிறான். நான் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் போவேன். மழை பெய்தால் முதுகெல்லாம் சேறு. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– காக்ஸ் டவுன் வாசகி

பதில்: அம்மா, விதியைக் காட்டியே சொல்லுங்கள். பின்சீட்டில் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும் என்கிறது 123-ஆம் விதி. முந்தானை ஸ்போக்கிலோ செயினிலோ சிக்கினால் உட்கார்ந்திருப்பவரைப் பின்னால் இழுத்துத் தள்ளும். அதற்கு வேகம்கூடத் தேவையில்லை. சேலை கார்டு இன்றைக்கே திரும்ப ஏற வேண்டும். அது ஏறும்வரை அந்த வண்டியில் உட்காராதீர்கள்.

தம்பிக்குத் தனியாக: மட்கார்டு இல்லாமல் டயர் எறியும் சேறு அம்மாவின் முதுகோடு நிற்பதில்லை. ஷாக் அப்சர்பரின் தண்டில் படியும் மணல் ஆயில் சீலைத் தின்னும், சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர்களுக்குள் தண்ணீர் போகும். நீள மட்கார்டு பிடிக்கவில்லையென்றால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மில் மாட்டும் டயர் ஹக்கர் வாங்குங்கள். சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் டயரை ஒட்டி உட்காரும், தாங்கியைச் சின்னதாக்கினாலும் சேறு மேலே வராது. ஹக்கரை வாங்கும்போது செயின் அட்ஜஸ்டருக்கு இடம் விட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: புது டெய்ல் லைட்டுக்குள் பனி படிந்தமாதிரி நீர். சிலிக்கான் வைத்து முழுக்க அடைத்துவிட்டேன், இன்னும் கூடியிருக்கிறது!
– ஜீவன்பீமா நகர் வாசகர்

பதில்: அடியில் இருந்த வடிகால் துளையையும் சேர்த்து அடைத்திருப்பீர்கள். விளக்கு சூடாகி ஆறும்போது காற்றை இழுக்கும்; உள்ளே வந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். அடித்துளையைத் திறந்துவிடுங்கள், மேல் விளிம்பையும் வயர் நுழையும் ரப்பரையும் மட்டும் அடையுங்கள். புளிப்பாக, வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானை விளக்குக்குள் பயன்படுத்தாதீர்கள். அதன் அமிலம் எல்.இ.டி. பலகையின் செம்பை அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று டியூபில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி செல்லுமா? டிராஃபிக் போலீஸ் பிடித்தால் எவ்வளவு?
– இரண்டு மூன்று பேர் கேட்டது

பதில்: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. மீறினால் உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் வரலாம். தெருவில் நிறுத்துபவரின் கண் முதலில் போகும் இடங்கள் பிளேட்டும் சைலன்சரும்தான். பிளேட் முழு அளவில், படிக்கும்படி, ஸ்னாப் லாக்கோடு இருந்து, விளக்குகள் சரியான நிறத்தில் எரிந்து, ரிஃப்ளெக்டரும் சக்கரத் தடுப்பும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். அதற்காக டெய்ல் டைடிக்கு அனுமதி உண்டு என்று எழுதிக் கொடுக்க எங்களால் ஆகாது. கழற்றிய கம்பெனி பாகங்கள், போல்ட், வாஷர் உட்பட அத்தனையையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும்போதும் வாங்குபவர் அதைத்தான் கேட்பார்.

கேள்வி: பிளேட்டைப் பின்சக்கர ஆக்சிலுக்குப் பக்கத்தில், இடப்புறம் மாட்டலாமா? நம்பர் பிளேட்டுக்குத் தனி விளக்கு வேண்டுமா?
– இந்திரா நகர் வாசகர்

பதில்: முதலாவதற்கு: வேண்டாம். ஆக்சில் பக்கம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. ஒவ்வொரு குழியின் அடியும் குறையாமல் அப்படியே பிளேட்டுக்கு வரும். தாங்கி உடையும், வலப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எண்ணும் தெரியாது.

இரண்டாவதற்கு: வேண்டும். இரவில் 15 மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்கும்படி வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும். பழைய டெய்ல் லைட்டின் அடியில் இருந்த நிறமில்லாத சின்னக் கண்ணாடி அதற்காகத்தான்; புது எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் அது கிடையாது. பிளேட் போல்ட்டிலேயே பொருந்தும் சின்ன எல்.இ.டி. கிடைக்கிறது. அதை டெய்ல் லைட் வயரோடு இணையுங்கள், பிரேக் வயரோடு வேண்டாம். வெளிச்சம் பிளேட்டின் மேல் விழ வேண்டும், பின்னால் வருபவர் கண்ணில் இல்லை. எச்.எஸ்.ஆர்.பி.யில் ஸ்னாப் லாக் இருப்பதால் போல்ட் வகை பொருந்தாது. தாங்கியின் மேல் விளிம்பில் மாட்டும் பட்டை வகையைக் கேளுங்கள்.